இன்ஜின் வேலைக்குச் சொல்லும் தொகை நியாயமா?

ஒரு லோடு துவரம்பருப்பு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு நாலைந்து மூட்டையில் மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி உடைசல் எவ்வளவு, தூசி எவ்வளவு, ஈரம் உண்டா என்று பார்க்கிறோம். எடை போடுகிறோம். கிலோவுக்கு இருபது காசு கூடுதல் என்றால் தரகரை எளிதில் விடுவதில்லை. இப்படிப்பட்ட நாம், கடை வண்டியின் இன்ஜின் போய்விட்டது என்று தகவல் வந்ததும் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மொத்தம் எவ்வளவு ஆகும்?"

அவர் ஒரு தொகை சொல்கிறார். நமக்குத் தலை சுற்றுகிறது. அதில் பத்தாயிரம் குறைத்துக் கேட்கிறோம், அல்லது வேறு ஒருவரிடம் போகிறோம். எதற்காக அந்தத் தொகை, என்ன கெட்டிருக்கிறது, கெட்டது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பதில்லை. நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்கிற நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பட்ட பிறகு எழுதுகிறோம்.

எங்கள் கடைக்கு 2012-ல் வாங்கிய டாடா ஏஸ் ஒன்று இருந்தது. ஊரெல்லாம் குட்டி யானை என்று சொல்லுமே, அதுதான். இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின். வண்டியைக் குறை சொல்வதற்கில்லை. முக்கால் டன் ஏற்ற வேண்டியதில் நாம் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பது நமக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் மதுரைக்குச் சரக்கு கொண்டு போனபோது கள்ளிக்குடி தாண்டி வண்டி கொதித்து நின்றது. ஓட்டுநர் எங்களிடம் 11 ஆண்டுகளாக இருந்தவர். டெம்பரேச்சர் முள் ஏறியதைப் பார்த்ததும் ஓரங்கட்டி அணைத்துவிட்டார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

விருதுநகரில் நமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கட்டி இழுத்து வந்தோம். அவர் ஹெட்டைக் கழற்றி, அடிச்சட்டியையும் இறக்கிப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் சொன்னார்: "ஃபுல் இன்ஜின் வேலை அண்ணாச்சி. 58,000 ஆகும்." நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்ற ஓட்டுநர், "அவர் சொல்றபடி செஞ்சிருவோம் அண்ணாச்சி, இல்லாட்டி நிக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நமக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவருக்கும் அவருக்கும் ஏதோ பேச்சு இருக்கிறது என்று நினைத்தோம்.

வேறு ஒருவருக்குப் போன் போட்டோம். அவர் வண்டியைப் பார்க்காமலேயே, "34,000-த்துக்கு முடிச்சுத் தர்றேன், அனுப்புங்க" என்றார். வண்டி கொதித்ததா, ஆயிலில் தண்ணீர் கலந்ததா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்காததை அன்று நாம் திறமை என்று எடுத்துக்கொண்டோம். முதல் மெக்கானிக் பிரித்துப் பார்த்த கூலி 2,500 கேட்டார். அதையும் 1,500 ஆக்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனோம். அன்று மாலை கடையில் ஆட்கள் இருக்கும்போதே ஓட்டுநரிடம், "உனக்கு எவ்வளவு பேசியிருந்தாங்க?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. மாதக் கடைசி வரை வேலை பார்த்துவிட்டு, "கணக்கை முடிச்சிருங்க அண்ணாச்சி" என்று வந்து நின்றார்.

34,000 ரூபாய் வேலையில் புது ரிங், புது ஹெட் கேஸ்கட், புது ஆயில். அவ்வளவுதான். நாலு மாதம் ஓடியது. 2022 ஜனவரியில், பொங்கல் வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில், அருப்புக்கோட்டை போகிற வழியில் பாலவநத்தம் அருகே தட்டல் சத்தம் கேட்டு, சற்று நேரத்தில் இன்ஜின் இறுகிவிட்டது. இந்தத் தடவை கிராங்க் கடைசல் பிடிக்கக்கூட லாயக்கில்லாமல் போய்ப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. 76,000 ஆனது. அது போகப் பொங்கல் வாரத்தில் வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி.

இரண்டாம் முறை வேலை செய்தவர் முதல் மெக்கானிக்தான். வெட்கத்தை விட்டு அவரிடமே போனோம். அவர் தம் பழைய நோட்டை எடுத்து ஆகஸ்டில் எழுதியதைக் காட்டினார். ஹெட்டின் மேல் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்ததில் நடுவில் 0.20 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது என்றும், சிலிண்டரின் மேல்பக்கத் தேய்மானம் இவ்வளவு என்றும், பேரிங்கில் கோடு விழுந்திருக்கிறது என்றும், ரேடியேட்டர் பாதி அடைப்பு என்றும் வரிசையாக இருந்தது. "இதை ஏன் தம்பி அன்னைக்கே காட்டல?" என்று கேட்டோம். "நீங்க கேக்கலயே அண்ணாச்சி. மொத்தம் எவ்வளவுன்னுதானே கேட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது முழு நியாயம் என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் காட்டியிருக்க வேண்டும், நாமும் கேட்டிருக்க வேண்டும். தொகை பெரிதா சிறிதா என்பதை வைத்து நியாயத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் இதில் நாம் தெரிந்துகொண்டது. அளந்து பார்த்துச் சொன்ன 58,000 நியாயமான தொகை. பார்க்காமல் சொன்ன 34,000 அநியாயமான தொகை.

நடந்தது என்ன என்பதை நமக்குப் புரிந்த அளவில் சொல்லுகிறோம். ரேடியேட்டர் அடைத்ததால் வண்டி கொதித்தது. கொதித்ததால் ஹெட் வளைந்தது. ஹெட் வளைந்ததால் அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே உள்ள கேஸ்கட் காற்றையும் தண்ணீரையும் தடுக்க முடியாமல் போனது. தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் மோர் போல ஆகி, பேரிங்கைத் தின்றது. வளைந்த ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யாமல், அடைத்த ரேடியேட்டரையும் சுத்தம் செய்யாமல், கேஸ்கட்டை மட்டும் புதிதாக மாற்றினால் அது எத்தனை நாள் தாங்கும்? ஓதம் ஏறிய குடோனில் மூட்டையை மட்டும் மாற்றிக் கட்டி வைத்த கதைதான்.

ஆகவே மெக்கானிக் தொகை சொல்லும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, எதனால் இந்த நிலை வந்தது என்பது. இரண்டாவது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது. புகையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும். கருப்புப் புகை என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஓடும் இன்ஜினில் குப் குப் என்று புகை தள்ளினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்க இடமுண்டு. இவையெல்லாம் அறிகுறிகள்தான். முடிவு சொல்வது கம்ப்ரஷன் கேஜ் என்கிற கருவி. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். கேஜ் போட்டுப் பார்த்தீர்களா, எத்தனை வந்தது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் நாம் வேலை கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்காததால் மறுபக்கமாக ஏமாந்தவர்களும் நம்மில் உண்டு. நம் சக வணிகர் ஒருவருக்கு நாலு சிலிண்டர் வண்டி. இழுவை இல்லை, கருப்புப் புகை. ஒரு பட்டறையில் ஃபுல் இன்ஜின் வேலை, 1,20,000 என்றார்கள். முன்பணமும் கேட்டார்கள். எங்கள் கதையைக் கேட்டிருந்த அவர், கேஜ் போட்டுப் பார்க்கச் சொன்னார். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு, நல்ல அளவு. இன்ஜின் திடமாகத்தான் இருந்தது. ஏர் பில்டர் தூசி அடைத்து, இரண்டு நாசில் ஒழுங்காகத் தெளிக்காமல் இருந்தது. சில ஆயிரங்களில் முடிந்தது. பட்டறைக்காரர் வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்ற ஆராய்ச்சிக்கு நாம் போக வேண்டாம். அளவில்லாமல் சொன்ன தொகை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

இன்னொன்று. பிரிப்பதற்கு முன் ஒரு தொகை, பிரித்த பின் ஒரு தொகை என்பது ஏமாற்று அல்ல. இதை நம்மில் பலர் புரிந்துகொள்வதில்லை. சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஹெட்டில் கீறல் உண்டா, கிராங்க் வட்டமாக இருக்கிறதா என்பதெல்லாம் கழற்றி, கழுவி, லேத்தில் அளந்தால்தான் தெரியும். திறக்காத மூட்டைக்கு உறுதி விலை சொல்லச் சொன்னால் நாம் சொல்வோமா? ஆகவே பிரித்து அளந்து சொல்வதற்கு ஒரு கூலியை முதலில் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். வேலையை அவரிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தக் கூலி அவருக்கு உரியது. அந்த 2,500-ல் ஆயிரத்தைக் குறைத்ததை இப்போது நினைத்தாலும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வண்டியைப் பற்றிய உண்மை முழுவதும் அந்த 2,500-க்குள் இருந்தது.

அளந்த பிறகு தொகையை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்க வேண்டும். சாமான் தனி, லேத் வேலை தனி, மெக்கானிக் கூலி தனி. மொத்தமாகச் சொன்னால் சோதிக்க வழியில்லை. பிரித்துச் சொன்னால் ஒவ்வொன்றையும் விசாரிக்கலாம். சாமான் விலையைப் பார்ப்பது மிக எளிது. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாவற்றின் பெட்டியிலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்திருக்கும். நாம் வியாபாரிகள், அச்சடித்த விலைக்குக் கீழே எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி பெயர் போட்ட சாமானா, அந்தக் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவர் தம் பெயரில் வெளிச்சந்தையில் விற்பதா, அல்லது பெயரில்லாத லோக்கல் சாமானா என்பதையும் எழுத வேண்டும். ஒரே வேலைக்கு இருவர் சொல்லும் தொகையில் உள்ள வித்தியாசம் பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நடுவில் சொன்ன சாமான் நம் அனுபவத்தில் குறையில்லை. மூன்றாவதை இன்ஜினுக்குள் போட நாம் சம்மதிக்கக் கூடாது.

லேத் வேலை என்பது சிலிண்டரைக் கடைந்து பெரிய சைஸ் பிஸ்டனுக்கு ஏற்றபடி செய்வது, அல்லது லைனர் மாற்றுவது, ஹெட்டைச் சமன் செய்வது, வால்வு உட்காரும் இடத்தைச் சரிசெய்வது, கிராங்கை அரைப்பது. இவற்றுக்கு லேத் பட்டறைகளில் வேலைக்கு இவ்வளவு என்று நடப்பு விலை உண்டு. இரண்டு பட்டறைக்குப் போன் செய்தால் தெரிந்துவிடும். கூலிதான் மெக்கானிக்கின் தொழில் திறமைக்கு நாம் கொடுப்பது. அதில் கசக்குவது புத்திசாலித்தனம் அல்ல. கூலியில் கசக்கப்பட்டவர் சாமானில் எடுப்பார், அல்லது ஒரு நாள் வேலையைச் சுருக்குவார். மூடிவிட்ட இன்ஜினுக்குள் எது சுருங்கியது என்று யாருக்குத் தெரியும்?

"ஃபுல் இன்ஜின்", "ஆஃப் இன்ஜின்" என்ற வார்த்தைகளை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம். கிராங்கை இறக்காமல் மேல்வேலை மட்டும் பார்ப்பதை ஆஃப் இன்ஜின் என்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் கணக்கு மாறுகிறது. ஒருவர் ஃபுல் இன்ஜினில் வாட்டர் பம்ப், டைமிங் சாமான், நாசில் எல்லாம் சேர்ப்பார். மற்றவர் சேர்க்க மாட்டார். 58-ஐயும் 34-ஐயும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோமே, அவை இரண்டு வேறு வேலைகளின் விலை. பருப்பு விலையையும் குருணை விலையையும் ஒப்பிட்ட மாதிரி.

கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பழைய பிஸ்டனையும் பேரிங்கையும் கையில் வாங்கிப் பார்த்தால் தேய்மானம் நம் கண்ணுக்கே தெரியும். வேலை முடிந்த பின் எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர் பொறுப்பு, அது கூலிக்கு மட்டுமா சாமானுக்கும் சேர்த்தா என்பதும் தாளில் வர வேண்டும். அதற்குப் பதிலாக நாமும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாக வேலை பார்த்த இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் லோடு குறைத்து ஓட்ட வேண்டும், சொன்ன நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். மறுநாளே ஒன்றரை டன் ஏற்றிவிட்டு மெக்கானிக்கைத் திட்டுவதில் பொருளில்லை.

பில் விஷயத்துக்கு வருவோம். "பில் வேணாம்னா 18 சதவீதம் மிச்சம் அண்ணாச்சி" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முன்பு இன்ஜின் சாமான்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 58,000 ரூபாய் வேலைக்கு வரி 10,440. பெரிய தொகைதான். ஆனால் சரக்கு வண்டி ரிப்பேருக்குக் கொடுத்த வரியை, வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டுகிற வணிகர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் காருக்குக் கிடைக்காத சலுகை இது. இணக்க முறையில் கட்டுகிறவர்களுக்குக் கிடையாது. வரியில்லாத சரக்கும் வரியுள்ள சரக்கும் கலந்து விற்கிற நம்மைப் போன்றவர்களுக்கு விகிதப்படிதான் கிடைக்கும். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆக, மிச்சம் என்று நினைப்பதில் பாதி மிச்சமே இல்லை. மேலும் பில் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை. வியாபாரத்துக்கு ஓட்டுகிற வண்டி என்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு இடம் கிடைப்பதும் சிரமம். பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிறவருக்குத்தான் அதில் விதிவிலக்கு. நம் கையில் இருக்கும் தாள்தான் நமக்குத் துணை.

வேலை நியாயமான தொகைதான் என்று தெரிந்த பிறகும், அந்த வண்டிக்கு அதைச் செலவழிக்கலாமா என்பது வேறு கணக்கு. புது வண்டி விலையோடு ஒப்பிட்டு, இது மலிவு என்று நினைப்பது தவறு. இன்ஜின் வேலை பார்த்தபின் இந்த வண்டி என்ன விலைக்குப் போகும், கியர் பாக்ஸும் சேஸும் பாடியும் இன்னும் எத்தனை நாள் வரும், எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டுமே அதற்கு என்ன செலவு என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 76,000 கொடுத்ததே தப்பு என்று எங்கள் மகன் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. விருதுநகர் சந்தை நிலவரம் பத்திரிகையில் வருகிறது. உளுந்து என்ன விலை, வத்தல் என்ன விலை என்று வெளியூர்க்காரரும் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். ஆனால் உறுப்பினர்கள் பலரிடம் சரக்கு வண்டி இருந்தும், இன்ஜின் வேலைக்கு என்ன நடப்பு என்று விசாரிக்க நமக்கு ஓர் இடமில்லை. உறுப்பினர்கள் தங்கள் ரிப்பேர் பில்களின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்தால் என்ன? பட்டறையின் பெயரை மறைத்துவிடலாம். யாரையும் புகழவோ பழிக்கவோ வேண்டாம். வண்டி எது, எந்த ஆண்டு, என்ன வேலை, சாமான் எவ்வளவு, லேத் எவ்வளவு, கூலி எவ்வளவு, வேலை எத்தனை மாதம் நின்றது. இந்த விவரம் ஒரு பைலில் இருந்தால் போதும். மெக்கானிக்குகளுக்கும் இது நல்லதுதான். அளந்து வேலை செய்கிறவர், பார்க்காமல் தொகை சொல்கிறவரிடம் தோற்றுப் போக வேண்டியிருக்காது.

எங்கள் 76,000 ரூபாய் பில்லின் நகலையும், முதல் மெக்கானிக்கின் நோட்டுப் பக்கத்தின் நகலையும் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். 34,000-த்துக்குக் கொடுக்க எங்களிடம் தாள் எதுவும் இல்லை. பழைய ஓட்டுநர் இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு வத்தல் கடைக்கு ஓட்டுகிறார். போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய், அன்று கேட்டது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தோம். காபி கொடுத்தார். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.